கட்டெறும்பின் தலையளவு

பாளையங்கோட்டையில் பெண்கள் மருத்துவமனை ஒன்றில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்த ஆண்டு, இருமல் பாகு அலமாரியின் சாவி என் கைக்கு வந்தது. மூத்த கம்பவுண்டர் அதை நிபந்தனையோடுதான் கொடுத்தார்.

"இன்னொரு தடவ உள்ள கட்டெறும்பு கண்டேன், சாவி எனக்கு, குப்பி கழுவுறது உனக்கு. சரியா பிள்ளே?"

"சரி அண்ணாச்சி."

சுவரில் பதித்த அலமாரி அது; காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வழியில்லை. கதவில் இருந்த கம்பி வலையின் ஓட்டைகள் பெரியவை. புது வலைக்கு எறும்பின் அளவு வேண்டும். இரண்டு நாள் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து பட்டியல் எழுதினேன்.

ஒன்று: மிளகளவு தலை, மந்த நடை, பலத்த கடி. இரண்டு: கொத்தமல்லியளவு தலை. மூன்று: கடுகளவு தலை, ஒல்லி உடல், ஓயாத ஓட்டம்.

மூன்றாவது வேறு இனம், இலைப்பூச்சிகளின் பின்னால் திரிவது, பாகுக்கு வராது என்று முடிவு கட்டினேன். பின்புறம் பொன்னாக மின்னிய ஓர் எறும்புதான் உண்மையில் வேறு இனம். நீளம் ஒத்துப்போனதால் அதை இரண்டில் சேர்த்திருந்தேன்.

சனிக்கிழமை, மீதி இரண்டில் சின்னதான கொத்தமல்லித் தலை ஒன்றைத் தீப்பெட்டியில் அடைத்து வண்ணார்பேட்டை இரும்புக் கடைக்குப் போனேன். இதன் தலை நுழையாத வலை வேண்டும் என்றேன். கடைக்காரர் தீப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு மோதிர அளவு கொண்டு வாறவுகளப் பாத்திருக்கேன் தாயி. இத இப்பத்தான் பாக்கேன்."

ஒவ்வொரு வலையிலும் அதன் தலையை வைத்துப் பார்த்தோம். என்னை ஒரு முறையும் அவரை இரு முறையும் கடித்தது. தலை நுழையாத வலையை வாங்கி வந்து அன்றே கதவில் அடித்தேன்.

திங்கட்கிழமை காலை மூத்த கம்பவுண்டர் அலமாரி முன்னால் நின்று கூப்பிட்டார்.

"ஏ பிள்ளே, இங்கன வா. உன் வலை நல்லா வேல செய்யுது."

உள்ளே இருபது முப்பது கடுகுத் தலைகள். ஒல்லியாக நுழைந்தவை, குப்பி வாயில் வழிந்த பாகைக் குடித்து, வயிறு பானையாகி, வெளியே வர முடியாமல் வலையோடு நின்றன. வெளியே மிளகு, கொத்தமல்லித் தலைகளின் வரிசை. உள்ளே இருந்தவை ஓட்டை வழியே வாயோடு வாய் வைத்து அவற்றுக்குப் பாகு ஊட்டின. எல்லாம் ஒரே புற்றின் பிள்ளைகள்.

"அங்கன பாரு. நம்ம மருந்து ஜன்னல் மாதிரியே நிக்கு. தள்ளுமுள்ளுதான் இல்ல."

"அண்ணாச்சி, பட்டியல்ல மூணாவது..."

"பட்டியல் கெடக்கட்டும். சாவி எங்க?"

கொடுத்தேன். ஒரு வாரம் குப்பி கழுவினேன். அடுத்த சனிக்கிழமை தீப்பெட்டியில் மூன்று அளவிலும் ஒவ்வொன்றை எடுத்துப் போனேன்.

"இப்ப குடும்பத்தோட வந்திருக்காவளோ?" என்றார் கடைக்காரர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

சின்னதற்கு மட்டும் அளவு பார்த்தோம். பட்டியலில் 'சாப்பிடும் முன்' என்று குறித்துக்கொண்டேன்.

புது வலை போட்டபின் எறும்பு வரவில்லை. மூத்த கம்பவுண்டர் சாவியைத் திருப்பித் தந்தார். குப்பிகளைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.