அகதி மாதிரி இருந்த மச்சான்

ஐம்பத்தாறு வயதில் இன்று காலை ஒரு மச்சானை வாட்ஸப்பில் பிளாக் செய்தேன். அந்தக் கோபத்தில் இறங்க வேண்டிய பஸ் தரிப்பையும் விட்டுவிட்டு, டென்மார்க்கின் சில்க்போர்க் நகர மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போனேன்.

எண்பத்தைந்தில் லண்டனில் படித்துக்கொண்டிருந்த மச்சானை ஒரு வருடம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்துப் படமொன்றை இன்று குடும்பக் குழுவில் போட்டிருந்தான். வெயில், புல்வெளி, பின்னால் நீச்சல் குளம்.

கீழே எழுதியிருந்தான்: "தனிய, அகதி மாதிரி இருந்தன்."

அழும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அதில் ஒன்று என் மனைவியுடையது.

அந்த வருடம் நான் இங்கே அகதியாகவே இருந்தேன். பள்ளிக்கூடம் போக விடுவார்களா, ஊருக்குத் திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாது. படிப்பு முடிந்து லண்டன் திரும்பும் வழியில் மச்சான் முகாமுக்கு வந்தான். என் கட்டிலில் இருந்துகொண்டு சொன்னான்:

"அறையில ஒரு வெள்ளைக்காரனோட இருக்க வேண்டி வந்ததடா."

"இந்த அறையில எட்டுப் பேர்."

"நீ குடுத்து வைச்சவன். எல்லாரோடயும் தமிழில கதைக்கலாம்."

அன்று அவனுக்கு ஆறுதல் சொன்னதும் நான்தான்.

சற்று முன் மனைவி சொன்னாள்: "பிளாக்கை எடுங்கோப்பா, அண்ணை பாவம்."

எடுக்கவா, விடவா? நீங்களே சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன் ஒரு சின்னத் தகவல். முகாமில் இருந்த காலம் முழுவதும் என்னைப் பார்க்கவென்று வந்த ஒரே ஆள் அவன்தான்.