தண்ணீர் கேனுக்குத் தட்டைப் பாதம்

என் அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் என்று சொன்னால் அது அவளைக் குறைத்துச் சொல்வதாகும். கோபம் அவளுக்கு உடம்பெல்லாம் இருந்தது. ஆனால் கண்டவர் மேல் பாய்கிற கோபம் அல்ல. காலுக்குப் பொருந்தாத ஷூவை எங்கே பார்த்தாலும் அதன் மேல் பாயும். பேருந்தில் எதிர் இருக்கையில் யாராவது விரல் பிதுங்கும் ஷூவோடு உட்கார்ந்திருந்தால் போதும், இறங்கும்வரை என் காதைத் தின்றுவிடுவாள்.

"அந்த ஆளைப் பாருடி. காலைத் தீப்பெட்டிக்குள்ள திணிச்சு வச்சிருக்கான். நாளைக்கு நகம் கழண்டு விழும். அப்ப வயசாயிடுச்சும்பான்."

"மெதுவாப் பேசுக்கா, கேட்டுடப் போகுது."

"கேக்கட்டும்."

இந்தக் கோபம் எங்கே ஆரம்பித்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பதினைந்து வயதில் அவள் பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓடினாள். இறுதிப் போட்டிக்கு முன்னால் அணி முழுவதற்கும் ஒரே மாதிரி ஷூ வாங்கிக் கொடுத்தார்கள், படத்துக்கு அழகாக இருக்கும் என்று. முன்பக்கம் ஒடுங்கிய, ஊசிபோன்ற ஷூ. அக்காவின் பாதமோ முன்னால் விசிறி மாதிரி விரியும். நடுவில் வளைவே இல்லாமல் தரையோடு தரையாக உட்காரும். இரண்டு வாரம் அந்த ஷூவில் பயிற்சி செய்தாள். போட்டியன்று இரண்டாவது சுற்றில் கால் எலும்பில் சுருக்கென்று வலித்து நின்றுவிட்டாள். எலும்பில் மயிரிழை விரிசல் என்றார் டாக்டர். விளையாட்டு ஆசிரியரோ அம்மாவிடம், "உங்க பொண்ணுக்கு மனசுல உறுதி இல்லம்மா" என்றார்.

கால் வலிக்கிறது என்றால் காலைப் பார்க்காமல் மனசைப் பார்த்த அந்த மனிதரை அவள் மன்னிக்கவே இல்லை. படிப்பு முடிந்ததும் நகரத்தின் மிகப் பெரிய காலணிக் கடையில், இரண்டாவது மாடியில், ஓட்ட ஷூப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளை அளவுக்காரி என்று கூப்பிட்டார்கள்.

அவளிடம் ஷூ வாங்குவது சுலபம் இல்லை. "அந்த நீலத்தை எடுங்க" என்று யாராவது கை நீட்டினால், "நீலம் ஓடாதுங்க, கால்தான் ஓடும். உக்காருங்க" என்பாள். முதலில் பழைய ஷூவைக் கேட்பாள். அதைத் திருப்பி அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். உள்பக்கம் தேய்ந்தால் கால் உள்ளே சாய்கிறது, வெளிப்பக்கம் தேய்ந்தால் வெளியே. பிறகு உள்ளங்காலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பழுப்புக் காகிதத்தின் மேல் நிற்கச் சொல்வாள். முழுப் பாதமும் பதிந்தால் தட்டை. குதிகாலும் முன்பாதமும் மட்டும் பதிந்து நடுவில் நூல் மாதிரி ஒரு கோடு இருந்தால் வளைவு அதிகம். கடைசியில் புது ஷூவைக் கையிலெடுத்து எடை பார்க்கச் சொல்வாள், போட்டுக்கொண்டு மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடச் சொல்வாள். கண்ணாடிக் கதவு வரை ஓடிவிட்டு மூச்சு வாங்கியபடி திரும்புகிறவர்களைப் பார்த்து மற்றப் பிரிவுக்காரர்கள் சிரிப்பார்கள்.

"காலே சொல்லிடும், இதுதான் நல்லா இருக்குன்னு. நாமதான் கேக்கறதில்ல" என்பாள். அவள் விற்ற ஷூ திரும்பி வந்ததே இல்லை.

அந்தக் கடைக்குப் போன வருடம் ஒரு மெஷின் வந்தது. ஆளுயரத் திரை, கீழே ஒரு கண்ணாடிப் பலகை. பலகையில் வெறுங்காலோடு ஏறி நின்றால் திரையில் பாதம் சிவப்பும் நீலமுமாகச் சுழலும். பிறகு ஒரு பெண் குரல் பாத வகையைச் சொல்லும், பொருத்தமான ஷூவையும் சொல்லும். மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். தூங்கும்போதும் டை கட்டியிருப்பாரோ என்று தோன்றும்படியான மனிதர்.

"இனிமே யாரும் கஸ்டமர் காலைத் தொட வேண்டாம். காகிதம், ஈரத்துணி எல்லாம் மூட்டை கட்டுங்க. மெஷின் என்ன சொல்லுதோ அதை எடுத்துக் குடுங்க, போதும்."

ஒரு வாரத்துக்குள் அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மெஷின் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தட்டைப் பாதம் என்றது. எட்டுப் பேருக்கும் கடையை நடத்தும் கம்பெனியின் புது மாடலையே சொன்னது. இறகு மாதிரி லேசானது என்று விளம்பரம். உள்பக்கம் மட்டும் கட்டையாக ஒரு தாங்கல், உள்ளே சாயும் காலை நிமிர்த்துவதற்கு. சாயாத காலுக்கு அதைப் போட்டால் என்ன ஆகும் என்று அவள் மேலாளரிடம் மூன்று முறை போய்ச் சொன்னாள். மூன்று முறையும் அவர் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அக்கா வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறைதான்.

பிறகு ஒரு நர்ஸ் வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் வேலை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். நான் வீடு மாற்ற உதவுவதற்காக அக்கா விடுப்பு எடுத்த நாளில் அவர் மெஷின் சொன்ன அந்தப் புது மாடலை வாங்கியிருந்தார். மூன்று வாரம் கழித்து, சற்று நொண்டியபடி, அதே ஷூவைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்.

மேலாளர் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். "அடிப்பாகம் தேஞ்சிருக்கே மேடம். போட்டு ஓடியிருக்கீங்க. மாத்தித் தர முடியாது."

"ஓடறதுக்குத்தானே வாங்கினேன்?"

"உங்க ஓட்டம் சரியில்லாம இருக்கலாம். பழக்கம் இல்லாதவங்களுக்கு ஆரம்பத்துல வலிக்கத்தான் செய்யும். கொஞ்சம் உறுதியா இருந்தீங்கன்னா..."

உறுதி என்ற சொல் காதில் விழுந்ததும் அடுக்கிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அக்கா வந்தாள்.

"சிஸ்டர், உக்காருங்க. சாக்ஸைக் கழட்டுங்க."

இரண்டு கால்களிலும் இரண்டாவது விரல் நகம் கறுத்துப் போயிருந்தது. அந்த விரல் பெருவிரலை விட நீளம். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு அளவு எடுத்திருக்க வேண்டும், யாரும் எடுக்கவில்லை. வலி வெளிக் கணுக்காலில் என்றார் நர்ஸ். மேலாளர் மூட்டை கட்டச் சொன்ன பழுப்புக் காகிதத்தை அக்கா மேசைக்கு அடியிலிருந்து உருவி, ஈரக் காலோடு நிற்கச் சொன்னாள். குதிகால் ஒரு பக்கம், முன்பாதம் ஒரு பக்கம், நடுவில் நூல்.

காகிதத்தை மேலாளரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதுவா சார் தட்டைப் பாதம்? இவங்க கால் ஏற்கெனவே வெளியில சாயுது. உள்பக்கம் கட்டையை வச்சு இன்னும் வெளியில தள்ளியிருக்கீங்க. வலிக்காம என்ன செய்யும்?"

"மெஷின் அளந்து சொன்னது. மெஷின் பொய் சொல்லாதும்மா. கஸ்டமர் முன்னாடி இப்படி..."

"பொய் சொல்லாது. சொல்லிக் குடுத்தாத்தான் சொல்லும்."

அவள் விறுவிறுவென்று பணியாளர் அறைக்குள் போனாள். குடிதண்ணீர் கேன் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து கண்ணாடிப் பலகையின் இடப்பக்கம் வைத்தாள். திரும்பிப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்து வலப்பக்கம் வைத்தாள். மாடியில் இருந்த அத்தனை பேரும் கையில் இருந்ததை விட்டுவிட்டு அங்கே பார்த்தார்கள். திரையில் இரண்டு வட்டங்கள் சிவப்பும் நீலமுமாகச் சுழன்றன.

"வாழ்த்துகள்!" என்றது பெண் குரல். "உங்களுடையது தட்டைப் பாதம். உங்களுக்குப் பொருத்தமானது..." என்று தொடங்கி அந்தப் புது மாடலின் பெயரைச் சொன்னது. "உங்கள் ஓட்டப் பயணம் இனிதே தொடங்கட்டும்."

ஒருவர் கேட்டார், "என்ன சைஸ் போட்டிருக்கு?"

"பன்னிரண்டு" என்றார் இன்னொருவர், திரையைப் படித்து.

மாடியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மூச்சு வாங்க, நெற்றி நரம்பு புடைக்க நின்றாள். யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட, அன்று சாயங்காலத்துக்குள் எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவளைத் தற்காலிக நீக்கம் செய்து கடிதம் வந்தது. நிறுவனத்தின் கருவியைப் பொதுமக்கள் முன் இழிவுபடுத்தினாளாம். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் திரும்ப வரலாம். கடிதத்தையும் அவர்களே தட்டச்சு செய்து இணைத்திருந்தார்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். "ஒரு கையெழுத்துதானேக்கா, போட்டுட்டுப் போயேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போகாதது ஆச்சரியம். "ஒரு பெட்டிகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும். அந்தப் பொண்ணு காலுக்கு யாருடி கேப்பா?" என்றாள். பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். ஆனால் தட்டச்சு செய்திருந்ததை முழுக்கக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே தன் கையால் எழுதியிருந்தாள்: 'எங்கள் கடையில் தவறான ஷூவைக் கொடுத்ததற்காக நர்ஸ் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேலாளரும் கையெழுத்துப் போடப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.' அந்த இடம் நிரம்பவில்லை. வேலை போயிற்று.

படம் பரவிய பயத்தில் கடைக்காரர்கள் நர்ஸுக்கு மட்டும் வேறு ஷூ தருவதாகச் சொல்லிப் பூச்செண்டோடு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. மெஷினையும் சரிசெய்தார்களாம். இப்போது தண்ணீர் கேனை வைத்தால், 'தயவுசெய்து பாதத்தை வைக்கவும்' என்கிறதாம். பாதத்தை வைத்தால் பழைய பதில்தான். இதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா சாப்பிடவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தாள். முதலாளி முன்னாள் கோல்கீப்பர். ஷூவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரே காரணத்துக்காக அவரை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. நர்ஸ் விசாரித்துக்கொண்டு அங்கே வந்தார். காலையில் வந்தவரை, "சாயங்காலம் வாங்க சிஸ்டர், நாள் முழுக்க நின்னு கால் கொஞ்சம் வீங்கியிருக்கணும். ஓடும்போது போடற சாக்ஸையும் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

சாயங்காலம் மூன்று ஜோடி எடுத்து வைத்தாள். முதலாவது மிக லேசு. ஆனால் துணி மாதிரி மடங்கியது, தரையில் கால் படும் அதிர்ச்சி முழுக்க எலும்புக்கே போகும் என்று தள்ளிவிட்டாள். இரண்டாவதில் குதிகால் நழுவியது. மூன்றாவது மெத்தென்று இருந்தது, முன்னால் இடம் இருந்தது, கையில் எடுத்தால் கனமும் தெரியவில்லை.

"கலர்தான் கொஞ்சம் வாந்தி மாதிரி இருக்கு" என்றார் நர்ஸ்.

"ஓடும்போது கீழ பாக்காதீங்க" என்றாள் அக்கா.

ஓட்டம் நடந்த காலையில் நாங்கள் இருவரும் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நர்ஸ் ஏறக்குறைய கடைசிக் கூட்டத்தில்தான் வந்தார். ஆனால் நொண்டாமல் வந்தார். வந்ததும் நடைபாதையிலேயே உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலை நீட்டினார். "எண்ணிப் பாருங்கக்கா, பத்து நகமும் இருக்கு!"

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது. நான் அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அதற்குள் அவள் பார்வை நர்ஸைத் தாண்டிப் போய்விட்டது. நான்கடி தள்ளி, மரத்தடியில், நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாக்ஸின் நுனியில் ரத்தம். எறிந்து கிடந்தது அந்தப் புது மாடல்.

"இதை யாருங்க உங்களுக்குக் குடுத்தா?" அக்காவின் குரல் கேட்டு நாலைந்து பேர் திரும்பினார்கள்.

"கடையில மெஷின் அளந்து குடுத்துச்சும்மா."

அக்கா தன் கைப்பையை என் மேல் வீசினாள். "நீ வீட்டுக்குப் போ. எனக்கு நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, அந்த மனிதரின் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"காலை இப்படி நீட்டுங்க. வலிச்சா சொல்லுங்க, உறுதியா இருக்கேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்."