கம்பிக்கு மேலே தெரிந்த பந்து

எனக்குக் காற்பந்து ஆகாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று என் அண்ணன் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறார். மண்டையில் ஏறவில்லை, ஏற வேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஆனாலும் பல வருடங்களாகச் சனிக்கிழமை சாயங்காலமானால் நான் எங்கள் பட்டணத்துப் பழைய காற்பந்து அரங்கத்தில்தான் இருந்தேன். அரங்கத்தில் என்றால் உள்ளே இல்லை. வெளியே, காரில்.

அண்ணன் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்துக் குழுவின் கோல்கீப்பர். பகலில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுவார், சாயங்காலம் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்பார். தோட்டத்தை வீடு கட்ட விற்று நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்ததும் குழு கலைந்தது. அப்புறம் இனிப்பு நீர் வியாதி வந்து வலது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். அடுத்தது சிறுநீரகம். அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட, என் வீட்டுக்கு வந்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் சமையலைக் குறை சொல்வார்.

சனிக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள். மத்தியானமே சட்டை மாற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் பழைய அரங்கத்தில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் தகரக் கூரையும் படிக்கட்டும், மற்ற மூன்று பக்கமும் கம்பி வேலி. மழை பெய்தால் திடலில் நாற்று நடலாம் என்று பக்கத்து ஊரான சுங்கை புரோங்கிலிருந்து ஆட வருகிறவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் வேலியை ஒட்டி ஒரு மண்பாதை இருந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் போதும், முழுத் திடலும் முன்னால் விரிந்துவிடும். படியேற முடியாத கிழங்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாருக்கும் அதுதான் இடம். அண்ணனுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்பதால் ஃபிளாஸ்கில் ஐஸ்கட்டி கொண்டுபோவேன். ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டே கத்துவார்.

"டேய், முன்னால வாடா! கோட்டுலயே நின்னா ஒன்னத் தாண்டி அடிச்சிருவான் லா!"

திடலில் நிற்கும் கோல்கீப்பர் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். அதற்குத்தான் அண்ணன் அந்த வாரம் முழுவதும் உயிரோடு இருந்தார் என்று நான் சொன்னால் மிகையில்லை.

நகராண்மைக் கழகம் பணம் ஒதுக்கி அரங்கத்தைப் புதுப்பிக்கப்போகிறது என்ற செய்தி வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பொதுமக்களிடம் கருத்துக் கேட்க மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். என்னை இழுத்துக்கொண்டு போனார். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி மலாயில் பேசினார். "எங்களைப் போன்றவர்களுக்கும் உள்ளே ஓர் இடம் வேண்டும். சோபா கேட்கவில்லை, நாற்காலியை நாங்களே கொண்டுவந்துவிடுவோம்" என்றார். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. மேடையிலிருந்த அதிகாரி அவசியம் செய்கிறோம் என்றார். திரும்பும் வழியில் அண்ணன் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

தீபாவளிக்குள் முடியும் என்றார்கள். அந்தத் தீபாவளி போயிற்று, அடுத்ததும் போயிற்று. அரங்கத்தைச் சுற்றி நீலத் தகரம் அடைத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் வெளிநாட்டு ஆட்டம் போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்பார். "இதுல நான் யாரத் திட்டுறது?" என்பார். அந்த இடைவெளியில் மெலிந்துபோனார். புது அரங்கத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று அடிக்கடி சொல்வார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

திறந்த அன்று சீக்கிரமே போனோம். குறை சொல்ல முடியாத கட்டடம். கம்பி வேலியும் மண்பாதையும் இருந்த இடத்தில் உயரமான சுவர், அதில் எங்கள் வட்டாரத்துக்குப் பேர் வாங்கித் தந்த கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை மின்மினிகளை அழகாக வரைந்திருந்தார்கள். உள்ளே சொன்ன சொல் தவறாமல் ஒரு சாய்தளம், மேலே சக்கர நாற்காலிக்கென்றே நீலக் கட்டம் போட்ட இடம். நானே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். பிரேக்கைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

முன்னால் தடுப்புக் கம்பி. மேல் கம்பி சரியாக அவர் கண்ணுக்கு நேரே. அதற்குக் கீழே, யாரும் விழுந்துவிடக்கூடாதென்று, பலகையால் அடைத்திருந்தார்கள். நான் நின்றேன், எனக்குத் திடல் முழுவதும் தெரிந்தது. அவர் தலைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். எதிர்க் கூரையும் விளக்குக் கம்பங்களும் தெரிந்தன.

ஆட்டம் தொடங்கியது. பந்து உயரே எழும்பினால் மட்டும் கம்பிக்கு மேலே ஒரு கணம் தெரியும், பிறகு மறைந்துவிடும். கூட்டம் கத்தும்போது அண்ணன் என்னைப் பார்ப்பார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "யாரோ அடிச்சிட்டாங்கண்ணே" என்றேன். யார், எப்படி, கீப்பர் எங்கே நின்றான் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே?

கழகத்து இளம் அதிகாரி ஒருவன், நம் தமிழ்ப் பிள்ளைதான், படம் எடுக்க வந்தான். கேமராவைத் தட்டிவிடலாம் போலிருந்தது. "நீ இந்த நாற்காலியில உக்காந்து பாரு தம்பி" என்றேன்.

உட்காரவில்லை. குனிந்து பார்த்தான், முகம் சிறுத்துவிட்டது. "சேஃப்டி ரூல்ஸ் அக்கா. கம்பியக் கொறைக்க முடியாது. அடுத்த பட்ஜெட்ல கேட்டுப் பாக்குறேன்" என்றான்.

"கீழே, திடல் ஓரத்துல விடுங்களேன்?"

"அது பிளேயர்ஸ் மட்டும்தான் அக்கா."

அண்ணன் பிளேயர்தான்டா என்று வாய்வரை வந்தது. அண்ணன் என் கையைப் பிடித்து, "விடு புள்ள, அவன் என்ன பண்ணுவான்" என்றார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம் சில சனிக்கிழமைகள் போனோம். அடுத்த பட்ஜெட்டும் வந்தது, கோல் கணக்குக் காட்டப் பெரிய மின்பலகை வைத்தார்கள். நான் கழகத்துக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தேன். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

போன மாதம் டயாலிசிஸ் நிலையத்தில் தாதி ஒரு கேள்வியோடு வந்தாள். யாராவது சனிக்கிழமை சாயங்கால நேரத்துக்கு மாறிக்கொள்ள முடியுமா, சிறு பிள்ளைகள் உள்ள ஒருவர் அந்த நேரத்தால் கஷ்டப்படுகிறார் என்றாள். முன்பெல்லாம் இதே கேள்விக்கு அண்ணன் அவளை விரட்டாத குறையாகப் பேசியிருக்கிறார். அதனால் நான் முந்திக்கொண்டு, "எங்களுக்கு முடியாதும்மா" என்றேன்.

ஊசி ஏறாத கையை அண்ணன் தூக்கினார்.

"என் பேரப் போட்டுக்க" என்றார். "எனக்கு என்ன வேல கெடக்கு சனிக்கெழம."

தாதி நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.