வெளிப்பக்கம் தாப்பா

நான் பெருமையடிச்சதுலயே பெரிய முட்டாள்தனம் இதுதான். ஆம்பூர்ல தோல் பதனிடுற ஒரு ஷாப்புல மேஸ்திரியா இருந்தப்ப, "நம்ம பொம்பளையாளுங்க மாதிரி எங்கயும் கெடைக்காது பாய். காலைல வந்தா சாயங்காலம் வரைக்கும் தண்ணியே கேக்கமாட்டாங்க"ன்னு மொதலாளி கிட்ட சொல்லிட்டுத் திரிவேன். ஆம்பளைங்க சொம்பு சொம்பா குடிப்பானுங்க. ஆவாரம்பட்டை இடிக்கிற எட்டு பொம்பளைங்களும் பானை பக்கமே வரமாட்டாங்க. ஒடம்பு வாகுன்னு நெனச்சேன்.

ஒரு சித்திரை வெயில்ல, அதுல மூத்த அக்கா ஒலக்கையோட அப்படியே சாஞ்சிடுச்சு. மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்பி, சொம்பை நீட்டினேன். ரெண்டு வாய் குடிச்சிட்டு திருப்பிக் குடுத்துடுச்சு.

"ஏன்க்கா, தண்ணிக்கு இன்னா பஞ்சம்?"

"குடிச்சா எங்க போறது மேஸ்திரி? ஆம்பளைங்களுக்கு செவுரு கீது. நாங்க இருட்டுற வரைக்கும் அடக்கணும்."

மொதலாளி கிட்ட போய் தலையைச் சொறிஞ்சேன். அவரு அப்பவே செங்கல்லுக்கு ஆள் அனுப்பிட்டாரு. கொஞ்ச நாள்ல பொம்பளைங்களுக்குன்னு பின்பக்கம் கக்கூஸ் ரெடி. புதுக் கதவு எதுக்குன்னு, பழைய தோல் குடோன் கதவைக் கழட்டி நானே மாட்டினேன்.

ஆனா ஒருத்தி போனா, கூடவே இன்னொருத்தியும் போனா. ரெண்டு ஒலக்கை சும்மா கெடந்துச்சு.

"கதை பேசறதுக்கா கட்டிக் குடுத்தேன்?"

அக்கா கோச்சுக்கல. "நீங்க உள்ள போங்க மேஸ்திரி"ன்னுச்சு. போனேன். "சாத்துங்க." சாத்தினேன். "இப்ப தாப்பா போடுங்க."

தடவுறேன், தடவுறேன், தாப்பாவே இல்ல. குடோன் கதவாச்சே, தாப்பா வெளிப்பக்கம். தோலு எந்திரிச்சு உள்ளாற தாப்பா போட்டுக்கப்போவுதா இன்னா? அதுக்குள்ள வெளிய டக்குனு ஒரு சத்தம். பூட்டிட்டாங்க. எட்டு பேரும் சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் என்னைத் தெறந்து வுட்டாங்க.

அன்னிக்கே உள்பக்கம் தாப்பா அடிச்சேன். அடுத்த வாரம் மத்தியானத்துக்குள்ள பானை காலி. இன்னொரு பானை வெச்சேன், அதுவும் காலி. எனக்கா, தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தியாக்கா, எவ்ளோ யோசிச்சு செஞ்சிருக்கேன்"னு திரும்பவும் ஆரம்பிச்சேன்.

அக்கா ஒரு சொம்பு தண்ணியை நிதானமா குடிச்சிட்டு வாயைத் தொடச்சுக்கிச்சு.

"நாலு பொண்ணு பெத்தவரு நீங்க. உங்க வூட்ல ஒருத்தியும் தண்ணி குடிக்கமாட்டாளா மேஸ்திரி?"