உயிலில் எங்கள் வயல்

திருவாரூர் நூலகத்து மாடியில், மின்விசிறிக் காற்றுக்குப் பக்கங்கள் தாமாகப் புரண்டுகொண்டிருந்த ஒரு பழைய புத்தகத்தில் அந்த வரிகளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தேன். நாட்டின் முதல் பிரதமர் எழுதிவைத்த உயில் அது. தன் சாம்பலில் ஒரு பிடியைக் கங்கையில் விட்டுவிட்டு, மீதியை விமானத்தில் கொண்டுபோய், உழவர்கள் பாடுபடும் வயல்களின் மேல் தூவச் சொல்லியிருந்தார். வேலைத் தேர்வுக்குப் படிக்கப் போனவள் நான். அதே வரிகளை மறுபடியும் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் நீர் மாதிரி அசைந்தது. அப்படியானால் அத்தை சொன்னது கதையில்லை. அத்தையின் குடிசை போகாமலும் இருக்கலாம். இரண்டும் ஒரே மூச்சில்தான் தோன்றின.

அத்தை என் அப்பாவின் அக்கா. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். புருஷன் போனபிறகு சில காலம் எங்களோடு தெருவில் இருந்தாள். பிறகு வாய்க்காலைத் தாண்டி, பண்ணையின் நெற்களத்தை ஒட்டித் தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். களத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் பண்ணையிலும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தேதி தெரியாது, வருஷம் தெரியாது. புயல் வந்த வருஷம், வாய்க்கால் உடைத்துக்கொண்ட வருஷம் என்றுதான் அவளுடைய காலம் நகரும். குடிசை போட்டது, சாம்பல் விழுந்த வருஷம்.

அதை அவள் சொல்லும்போது அவளுடைய குரலே வேறாகிவிடும். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வயல்கள் வெடித்து வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. புதுக்கீற்று வேய்ந்த வாசனை குடிசைக்குள் அப்படியே நிற்கிறது. அவள் வாசலில் நிற்கும்போது தெற்கே ஒரு விமானம் தாழ்வாகப் போகிறது. மறுநாள் பஞ்சாயத்து ரேடியோவில், செத்துப்போன பிரதமரின் சாம்பலை நாடெங்கும் வயல்களில் தூவுகிறார்கள் என்று சொல்கிறார்கள். “அன்னைக்கு ஒரு நாளுதான் நான் வாசல் கூட்டல” என்பாள். “பெரிய மனுசன் வந்து படுத்துருக்காரு, தொடப்பத்தால தள்ளுறதா?” நாற்றங்காலில் பூச்சி விழாமல் இருக்க நாங்கள் அடுப்புச் சாம்பல் தூவுவோம். அதேபோல்தான் இதையும் நினைத்தாள். நாடு என்கிற நாற்றங்காலுக்கு அவர் தன்னையே தூவிக்கொண்டாராம். அந்த வருஷம் பயிர் கருகருவென்று வந்ததாம்.

சின்ன வயதில் நான் அந்த வாசலில் மல்லாந்து படுத்து, வானத்திலிருந்து மெல்ல மெல்ல ஒரு மனிதர் பொடியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போனதும் அது நின்றுபோயிற்று.

ஆட்சி மாறி, குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. தெரு முழுக்க ஒரே பேச்சு. கூலி கேட்டு அறுப்பு நின்று, போலீஸ் வந்து போயிருந்த காலம் அது. வருவாய் ஆய்வாளர் பூவரச மரத்தடியில் பெஞ்சு போட்டு ஒவ்வொருவராக விசாரித்தார். தெருவில் இருந்த குடிசைகள் சட்டத்துக்கு வெகு முன்பே இருந்தவை, அவற்றுக்குச் சிக்கலில்லை. அத்தையின் முறை வந்ததும் பண்ணையின் காரியக்காரர் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“இது தம்பி வீட்ல இருந்த பொம்பள சார். சட்டம் வருதுன்னு தெரிஞ்சு களத்தோரம் வந்து குந்திக்கிச்சு.”

“எப்பம்மா குடி வந்தீங்க?” என்றார் ஆய்வாளர்.

அத்தை சொன்னாள். விமானம், ரேடியோ, கூட்டாத வாசல், எல்லாவற்றையும் சொன்னாள். காரியக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அந்தக் கட்சிக்காரர் சாம்பல இந்தக் கட்சி ஆட்சியில சாட்சிக்குக் கூப்புடுறியே! டெல்லியிலேருந்து உன் குடிசய தேடிக்கிட்டு வந்துச்சாக்கும்?” சுற்றி நின்ற எங்கள் தெருக்காரர்களும் சிரித்தார்கள். அறுப்புக்கு ஆள் கூப்பிடுவது அவர் கையில் இருந்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆய்வாளர் சிரிக்கவில்லை. எழுதத்தான் போனார். அதற்குமுன், சீருடையில் நின்ற என்னைப் பார்த்து, “நீ படிக்கிற பொண்ணுதான? அப்புடி நடந்துச்சா?” என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. தெரிந்த கேள்வி! “இல்ல சார். அவரோட சாம்பல கங்கையில கரைச்சாங்க. பாடத்துல இருக்கு” என்றேன்.

பாடத்தில் அவ்வளவுதான் இருந்தது.

ஆய்வாளர் என்னவோ எழுதி மூடினார். அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமாகத் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். பக்கத்தில் இருந்தவளிடம், “நல்லா படிக்கிறா” என்று மட்டும் சொல்லிவிட்டு வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டாள். தெருவுக்குப் பட்டா வந்தது. அவளுக்கு வரவில்லை.

அணை, தொழிற்சாலை, திட்டம் என்று அந்தப் பிரதமர் விட்டுப்போனவற்றைத் தேர்வுகளில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். பண்ணை வீட்டு உயில்களில் எங்கள் ஆட்கள் சாட்சிக் கைரேகை வைத்ததோடு சரி. ஒரு உயிலில் நாங்களும் வாரிசாக இருந்தோம் என்பதை அவளுடைய வாசல் தெரிந்து வைத்திருந்தது. அன்று அவள் வாசலில் விழுந்தது வெறும் புழுதியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த விமானங்கள் பறந்த நாள் ஒன்று உண்டு. அன்று அவள் அங்கே குடியிருந்தாள்.

இப்போது பண்ணை அந்தக் களத்தை ஓர் அரிசி ஆலைக்காரருக்கு விற்றுவிட்டது. பொங்கலுக்குள் குடிசையைப் பிரிக்கச் சொல்லி ஆள் வந்து போயிற்று. நேற்றுப் போய், பட்டா கேட்டு மறுபடி மனு எழுதப்போவதாகச் சொல்லி, உயிலின் வரிகளைப் படித்துக் காட்டினேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அதான் அப்பவே சொன்னேனே” என்றாள். பிறகு, “சாம்பல எழுதாதடி, சிரிப்பானுவோ. நான் இருந்தேன்னு எழுது.”

இரண்டையும் எழுதப்போகிறேன். தஞ்சாவூருக்குப் போய் அந்த வருஷத்துச் செய்தித்தாளைத் தேட வேண்டும். அன்று சிரித்த தெருக்காரர்களுக்கு இப்போது சொந்த மனை இருக்கிறது, பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வீடு வீடாக ஏறிக் கையெழுத்துக் கேட்கவேண்டும். எத்தனை பேர் போடுவார்கள் என்று தெரியவில்லை. முதல் கையெழுத்து என்னுடையது. மனுவின் முதல் வரியையும் நேற்றிரவு மனதுக்குள் எழுதிவிட்டேன்: விசாரணையின்போது மனுதாரரின் தம்பி மகளாகிய நான், எனக்கு முழுதாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னேன், அதை நீக்கிவிட்டு, அவர் சொன்னதை இப்போதாவது எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.