தொழில்: பிரிண்டிங்

சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பிழை பார்ப்பது என் வேலை. தேதித் தாளின் பொடி எழுத்தில் ராகு காலம் அரை மணி நேரம் தள்ளியிருந்தால்கூடப் பிடித்துவிடுவேன். அதனால் மருத்துவக் காப்பீடு எடுப்பது என்று முடிவானதும் மூன்று கம்பெனிகளின் புத்தகங்களை வாங்கிவந்து, சாப்பாட்டு நேரத்தில் வரி விடாமல் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. அட்டையில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள். என்னென்ன கிடையாது என்பது மட்டும் எறும்பு எழுத்தில் கடைசியில் ஒளிந்திருக்கிறது. ஒன்றில் ஆஸ்பத்திரி அறை வாடகைக்கு வரம்பு. இன்னொன்றில், இருக்கிற நோய்க்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்றாவதில் எந்த பில் வந்தாலும் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும்.

எங்களுக்குக் காப்பீடு வேண்டியிருந்ததே என் கணவருக்காகத்தான். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து அறையில் வேலை. வெடிக்கிற பொடிகளைச் சலித்துக் கலக்குகிற அறை அது. காண்ட்ராக்டர் மூலம் போகிறவர் என்பதால் ரெஜிஸ்டரில் பெயர் கிடையாது, கம்பெனி வழியாக வரும் வைத்திய வசதியும் கிடையாது. போன சீசனில் அடுத்த அறையில் தீப்பிடித்து, அவரோடு வேனில் போய்வந்த ஓர் அக்காவுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. அதற்குப் பிறகு நான் விடவில்லை.

எங்கள் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சர்தான் ஏஜென்ட். தங்கமான மனுஷி. அறை வாடகைக்கு வரம்பு வைத்த திட்டமே மற்ற இரண்டுக்கும் தேவலாம் என்று நான் சொன்னதும், விண்ணப்பத்தை எடுத்து மளமளவென்று நிரப்பினார். என் கணவரின் தொழில் என்ற இடத்தில் ‘பிரிண்டிங்’ என்று எழுதினார்.

“டீச்சர், அவுக பட்டாசு வேலதான பாக்குறாக?”

“தெரியும் தாயி. பட்டாசுன்னு போட்டா எடுக்க மாட்டாங்க. இங்கன நான் போட்டுக்குடுத்த அம்புட்டுப் பேரும் பிரிண்டிங்தான்.”

“தீக்காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனா என்னன்னு சொல்ல? காலண்டர் அடிக்கையில வெந்துட்டாகன்னா?”

“அப்பிடியெல்லாம் வாய வைக்காத. சுகர், நெஞ்சுவலின்னு வந்தா உதவும்ல.”

“டீச்சர் சொல்றது சரிதான். நீ சும்மா இரு” என்றார் என் கணவர். வெந்துபோன கைகளைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்த அதே மனிதர்தான்.

மறுவாரம் சாத்தூரில் காப்பீட்டுக்கான ரத்தப் பரிசோதனை. அன்று காலை குழாயடியில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் போட்டு விரல்களைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி நகக்கண்ணில் ஏறிவிட்டால் லேசில் போகாது. விரல்கள் சிவந்ததுதான் மிச்சம்.

“என்னண்ணே, கையெல்லாம் மின்னுது?” என்று ஊசி குத்த வந்த பெண் கேட்டாள்.

“பிரஸ்ஸுல சில்வர் மைம்மா.”

கொஞ்சமும் தடுமாறவில்லை. ஆனால் ஊசி குத்தி முடிந்ததும் இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டார். யார் குடியையும் கெடுக்காமல் உழைத்துச் சம்பாதிக்கிற மனிதர், திருடிவிட்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து விவரம் சரிபார்க்க ஒரு பெண் என் செல்லுக்குப் பேசினாள். பெயர், வயது, சிகரெட் பழக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, “சார் பிரிண்டிங்லதான மேடம் இருக்காங்க?” என்றாள்.

“இல்ல. பட்டாசு கம்பெனி. மருந்து கலக்குறாங்க.”

“ஃபார்ம்ல வேற மாதிரி இருக்கே மேடம்.”

“அது தப்பு. திருத்திக்கோங்க.”

திருத்திக்கொண்டார்கள். எனக்கும் பிள்ளைகளுக்கும் தரலாம், கணவருக்குத் தர இயலாது என்று நாலே நாளில் பதில் வந்தது. கொதித்துப்போனேன். நாடே எங்கள் ஊர் வெடியை வெடிக்கிறது. அந்தப் பதிலை அனுப்பியவன் வீட்டுப் பிள்ளையும் வெடித்துக் கைதட்டியிருக்கும். கலக்குகிறவனுக்கு மட்டும் கதவைச் சாத்துவார்களாம். ஒன்றும் ஆகாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் காப்பாற்றுவதற்கு ஒரு கம்பெனி, அதற்கு வழவழவென்று ஒரு புத்தகம், தூ.

சாயங்காலம் டீச்சரே வீட்டுக்கு வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை.

“கோவிச்சுக்காத தாயி. அவரு இல்லன்னதும் பிரீமியம் நல்லாக் கொறஞ்சிருக்கு. அதே பணத்துக்கு உங்க மூணு பேருக்கும் பெரிய திட்டமாவே எடுக்கலாம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“நல்லதாப் போச்சு. பெருசாவே எடு.”

“அப்ப உங்களுக்கு?” என்றேன்.

“எனக்கெதுக்கு? மருந்து ரூம்புல ஒண்ணுன்னா ஆஸ்பத்திரி வரைக்கும் எங்குட்டுப் போக?”

வேன் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இதை எத்தனை வருடமாக மனதில் வைத்துக்கொண்டு வேன் ஏறினாரோ, ஒரு நாள்கூட என்னிடம் சொன்னதில்லை. அவர்மேல் அன்றைக்கு வந்த கோபம் அந்தக் கம்பெனிமேல்கூட எனக்கு வரவில்லை. டீச்சர் நீட்டிய பேனாவை வெடுக்கென்று வாங்கி, மூன்று பேருக்கான திட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.