அன்றைக்கு நான் கட் பண்ணிய ஃபோல்டர்

கெம்பஸ் கொம்பியூட்டர் லேப் கதவைத் திறந்ததும் ஒரு வாசம் வரும். ஏசிக் குளிர், நனைந்த குடைகள், யாரோ ஒளித்துத் தின்ற மீன் பணிஸ்... எல்லாம் கலந்த வாசம்.

எங்கள் பெட்சுக்கு நெட்வேர்க்கில் ஒரு பொது ட்ரைவ் இருந்தது. எந்தக் கொம்பியூட்டரில் உட்கார்ந்தாலும் அதைத் திறக்கலாம். ஆனால் இடம் கொஞ்சம்தான். நிரம்பிவிட்டால் ஒருவருக்கும் சேவ் ஆகாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்... அவரவர் ஃபைலைக் கொப்பி பண்ணாமல், கட் பண்ணி பென் ட்ரைவில் போட்டுக்கொண்டு இடத்தைக் காலி பண்ணிவிட வேண்டும். மூன்று வருஷத்தில் கை அதற்கே பழகிவிட்டது.

குரூப் ஃபோல்டரில் மட்டும் அப்படிச் செய்யக்கூடாது. அது பொது.

எங்கள் குரூப்பில் இரண்டே பேர். நானும் ரிஸ்னாவும். நான் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அவளுடைய வாப்பாவுக்குப் பதுளை டவுனில் துணிக்கடை. கடைசி வருஷ ஆய்வுக்கு மூன்று தோட்ட டிவிஷன்களின் மழைக் கணக்கை எடுத்திருந்தோம். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் தோட்டங்களில் மழையை ஏன் அளக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

தோட்டத்து ஒஃபிஸ் மழைப் புத்தகங்களை அந்த வெள்ளிக்கிழமையே திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுநாள் தீபாவளி. காலையிலிருந்து ரிஸ்னா தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் அடித்தாள்.

"எங்களுக்கு என்ன, பெருநாளா? உனக்குத்தானே தீபாவளி. நீ உடுப்பு அடுக்குற வேலையப் பாரு போ."

மத்தியானம் முடித்துவிட்டு, புத்தகங்களைக் கொடுக்கக் கிளம்பிப் போனாள்.

வீட்டில் இன்டர்நெட் கிடையாது. லீவில் அறிக்கை எழுத அந்த ஃபோல்டரை எடுத்துப் போகலாம் என்று பிறகு நான் உட்கார்ந்தேன். மூன்றேகாலுக்கு லுணுகலை பஸ். திரை "நான்கு நிமிடம்" என்றது... பிறகு "பதினொரு நிமிடம்" என்றது... நிமிடம் காட்டிய பெட்டி மறைந்ததும் பென் ட்ரைவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

பசறை தாண்டி ஒரு வளைவில்தான் உறைத்தது. ஐயோ... கொப்பியா பண்ணினேன், கட்டா?

பென் ட்ரைவ் கைக்குட்டை முடிச்சில் இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இங்கே இருக்கிறதே, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே மழை.

லயத்து வீட்டுக்கு வந்து, தலைகூடத் துவட்டாமல் லெப்டொப்பைத் திறந்தேன். ஃபோல்டர் இருந்தது. உள்ளே எந்த ஃபைலும் திறக்கவில்லை. அவசரத்தில் பிடுங்கியதில் எல்லாம் கெட்டிருந்தது. அம்மா முறுக்குச் சுட்டபடியே, "என்னாடி, மொகமே சரியில்ல?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கும், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடினேன்.

லேப்பைப் பார்த்துக்கொள்ளும் சிவா அண்ணன் போனை எடுத்தார்.

"ட்ரைவுல ஃபோல்டர் இல்லதான். பயப்படாத தங்கச்சி. நேத்து எடுத்த பெக்கப் இருக்கு, எல்லாத்தையும் திருப்பிப் போட்டுடலாம்."

"இன்னைக்கு அடிச்சது, அண்ணே?"

"இன்னைக்கு உள்ளது வராதும்மா."

அந்த மடுவத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

லீவு முடிந்து போனபோது ரிஸ்னா திரைக்கு முன்னால் விழித்துக்கொண்டிருந்தாள். திருப்பிப் போட்ட ஃபோல்டரில் வெள்ளிக்கிழமை அடித்தது மட்டும் இல்லை. "நான்தான் சேவ் பண்ணாம மூடிட்டேன் போல..." என்றாள்.

எனக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வந்தது ஒரே சொல்தான்.

"இருக்கும்."

ஆய்வுக்குப் பொறுப்பான சேர் எல்லோருக்கும் முன்னால் அவளைத்தான் கேட்டார், ஒரு ஃபைலை சேவ் பண்ணக்கூடத் தெரியாதா என்று. மறுபடி புத்தகங்களைக் கேட்டு, தோட்டத்து ஒஃபிஸில் மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும் அவளே திரும்ப அடித்தாள். நான் பக்கத்தில் இருந்து இலக்கங்களை வாசித்துக் கொடுத்தேன். பெரிய தியாகி மாதிரி!

இப்போது கொழும்பில் வேலை. நான் எதுவும் செய்யாமலே ஃபைல் தானாக இன்டர்நெட்டில் ஏறிக்கொள்கிறது, பஸ்ஸில் நின்றபடி போனில் திறக்கலாம். பென் ட்ரைவைக் கண்டே எத்தனையோ நாளாகிறது. இருந்தும் கட் பண்ண இன்னும் கை வருவதில்லை.

நேற்று பெட்ச் குரூப்பில் ரிஸ்னா எங்கள் பழைய போட்டோக்களைப் போட்டிருந்தாள். கீழே, வழக்கம்போல:

"சேவ் பண்ணிட்டேன். மூடித் திறந்தும் பாத்துட்டேன். எல்லாம் இருக்கு."

இத்தனை வருஷமாக எதை அனுப்பினாலும் அவள் இப்படித்தான் எழுதுகிறாள். எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

ரிஸ்னா... அன்றைக்கும் நீ சேவ் பண்ணித்தான் வைத்திருந்தாய்.